“கப்பலில் போகலாமா, அப்பா?”

பிள்ளைகளுடன் முதல் கடல் பிரயாணம்: அறிய வேண்டியவை

அத்திப்பட்டு!

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டியதும் வரும் ஊர். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ஊர்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பல் புதிதல்ல. எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் போனால் போதும். தூரத்தில், கடலில் கப்பல்கள் நிற்பது தெரியும். துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை அவை அங்கேயே காத்திருக்கும்.

பிள்ளைகள் விரலை நீட்டி எண்ணுவார்கள். ஒன்று... இரண்டு... மூன்று...

அவர்களில் ஒரு பொடியன் கேட்பான்:

“அப்பா! அந்தக் கப்பலில் நாம் போகலாமா?”

“அது நிலக்கரிக் கப்பல்டா. அதில் நாம் போக முடியாது” என்பார் அப்பா.

அவர் சொல்வது உண்மைதான். ஆனால், குடும்பத்துடன் ஏறிப் போகக்கூடிய கப்பலும் உண்டு. அது வந்து நிற்கும் இடம் அத்திப்பட்டிலிருந்து ரெயிலில் போகும் தூரம்தான்!

நிலக்கரி இங்கே, உல்லாசம் அங்கே!

எண்ணூர்த் துறைமுகம் 2001-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே அது கட்டப்பட்டது. இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர்.

முன்பு சென்னைத் துறைமுகத்திலும் நிலக்கரி இறங்கியது. ராயபுரம், பாரிமுனைப் பக்கமெல்லாம் கரித்தூள் பறந்தது. வழக்கு நடந்தது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2011-ல் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூர்ப் பக்கம் வந்தது.

ஆகவே, கரித்தூள் அத்திப்பட்டுப் பக்கத்துக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கோ உல்லாசக் கப்பல் வந்தது!

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, சென்னைத் துறைமுகத்தில் ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ‘கார்டிலியா’ என்ற நிறுவனம் அதை நடத்துகிறது.

அந்தக் கப்பல் 1990-ல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 210 மீட்டர். அடுக்கு அடுக்காகப் பதினொரு தட்டுகள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஏறலாம். ஒரு சிறிய ஊரே தண்ணீரில் மிதந்து போகிறது என்று சொல்லலாம்!

தாத்தா காலத்துக் கப்பல்

தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் கப்பலில் போவது இது முதல் தடவை அல்ல.

‘ரஜுலா’ என்ற பெயரை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ல் கட்டப்பட்ட நீராவிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர்களில் பல ஆயிரம் பேர் அந்தக் கப்பலில் போனவர்கள். அறை எடுக்க வசதி உள்ளவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். மடியில் குழந்தை; தலைமாட்டில் தகரப்பெட்டி!

அதற்குப் பின் ‘எம்.வி.சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பல் தீப்பிடித்தது. பிரயாணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது.

அன்று மக்கள் வயிற்றுக்காகக் கடல் தாண்டினார்கள். இன்று போகிறவர்கள் விடுமுறைக்காகப் போகிறார்கள். ஆனால் கடல் அன்றைய கடல்தான்! குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய் தந்தையருக்கு அன்று இருந்த பொறுப்பு இன்றும் இருக்கிறது.

எங்கே போகிறது?

பிரயாணங்களில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: சென்னையில் புறப்பட்டு நடுக்கடலுக்குப் போய், எந்த ஊரிலும் இறங்காமல் சென்னைக்கே திரும்புவது. இரண்டு இரவுகள்.

இரண்டாம் வகை: விசாகப்பட்டினம் போன்ற இந்தியத் துறைமுகத்துக்குப் போய் வருவது. நாலைந்து நாட்கள் ஆகும்.

மூன்றாம் வகை: வெளிநாடு. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு இந்தக் கப்பல் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்தப் பிரயாணத்தில் இடம் பெற்றன. வெளிநாட்டுக்குப் போக எல்லோருக்கும் பாஸ்போர்ட்டு வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டு வேண்டும்!

போகும் ஊர் சில சமயம் மாறிவிடும். 2022 ஜூனில் பிரயாணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. அனுமதி கிடைக்கவில்லை. பிறகு 2025 ஜூலையில்தான் அந்தக் கப்பலின் பிரயாணிகள் புதுவையில் இறங்க முடிந்தது. ஆகவே, “இந்த ஊருக்குப் போகிறோம்” என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லக்கூடாது. “கப்பலில் போகிறோம்” என்று சொன்னால் போதும்.

முதல் தடவை போகிற குடும்பத்துக்கு ஏற்றது இரண்டு இரவுப் பிரயாணம்தான். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் மாதம் அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில்தான் கப்பல் சென்னைப் பக்கம் வந்திருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். எண்ணூர் மீனவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் கடல் பிரயாணம் வேண்டாம்.

எவ்வளவு செலவு?

இதுதான் முக்கியமான கேள்வி.

விளம்பரத்தில் இருக்கும் தொகை வேறு. கடைசியில் கட்டும் தொகை வேறு. டிக்கெட் விலையோடு துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். ஆகவே தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் ஒரே அறையில் தங்குவது லாபம்.

மூன்று வேளைச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடங்கும். ஆனால் குளிர்பானம், கடைச் சாமான், சில விளையாட்டுகள் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. அங்கே ரொக்கம் கேட்பதில்லை. ஒரு அட்டையைக் காட்டினால் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அட்டை பிள்ளைகள் கையில் இருந்தால் கடைசி நாள் பில்லைப் பார்த்து அப்பாவுக்கு மயக்கம் வரும்!

போன் விஷயத்திலும் கவனம் வேண்டும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஊர் சிக்னல் போய்விடும். அதன் பிறகு போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்தால் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறும். ஆகவே கப்பலில் ஏறியதும் போனை ‘பிளைட் மோடு’க்கு மாற்றிவிட வேண்டும்.

கடன் வாங்கிக் கப்பல் ஏற வேண்டாம். வருடம் முழுவதும் சீட்டுப் போட்டுச் சேர்த்து அடுத்த வருடம் போகலாம். கடல் எங்கேயும் ஓடிவிடாது!

எத்தனை வயதுப் பிள்ளை போகலாம்?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பொதுவாக 24 வாரம் வந்துவிட்டால் அனுமதி இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரிக்க வேண்டும்.

உள்நாட்டுப் பிரயாணம் என்றாலும் எல்லோருக்கும் அடையாளச் சான்று வேண்டும். குழந்தைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். துறைமுக வாசலில் நிற்பவர்களிடம், “இவன் என் பிள்ளைதான்” என்று வாயால் சொன்னால் போதாது!

எந்த அறை?

ஜன்னல் இல்லாத உள் அறை. ஜன்னல் உள்ள அறை. பால்கனி உள்ள அறை. இப்படி வகைகள் உண்டு. உள் அறைக்குக் கட்டணம் குறைவு.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பால்கனி வேண்டாம். நாற்காலியில் ஏறிக் கம்பியைப் பிடிக்கிற வயது அது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள அறையே நல்லது. கடலும் தெரியும், பயமும் இல்லை.

இன்னொரு விஷயம். பூங்காவில் இரண்டு முனையிலும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். முனையில் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. கப்பலும் அப்படித்தான்! நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கலாம்.

சுவரோடு மடிந்திருக்கும் மேல் கட்டிலைக் கண்டதும் பிள்ளைகள், “நான் மேலே, நான் மேலே” என்று சண்டை போடுவார்கள். சின்னவனை மேலே படுக்க வைக்கக்கூடாது. கப்பல் கதவுகள் மிகவும் கனமானவை. விரல் நசுங்கிவிடும். கதவைப் பெரியவர்கள்தான் திறக்க வேண்டும்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

அத்திப்பட்டிலிருந்து புறப்படும் ரெயில்களில் சிலதான் கடற்கரை நிலையத்துக்குப் போகும். மற்றவை சென்டிரலுக்குப் போகும். கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே துறைமுகம். முன்கூட்டியே நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். ரெயிலைத் தவறவிட்டால் அடுத்த ரெயில் வரும். கப்பலைத் தவறவிட்டால் அவ்வளவுதான்!

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிச் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை பிள்ளை பசி பொறுக்குமா?

ஆகவே கைப்பையில் இருக்க வேண்டியவை: பால் பவுடர், புட்டி, பிஸ்கெட்டு, டயப்பர், இரண்டு மாற்று உடை, பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, அடையாளச் சான்று.

கெண்டி, இஸ்திரிப் பெட்டி போன்ற மின்சாரச் சாமான்களைக் கப்பலில் விடமாட்டார்கள். காரணம், தீ பயம்.

தாயே, தந்தையே, கவனியுங்கள்!

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

கப்பலில் ஏறியதும் ஒரு பயிற்சி நடக்கும். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏழு தடவை சின்னச் சங்கு. ஒரு தடவை நீளமான சங்கு. இதுதான் அபாய அறிவிப்பு.

பலர் இந்தப் பயிற்சியை விளையாட்டாக நினைக்கிறார்கள். “சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகலாம் வா” என்கிறார்கள்.

அது பெரிய தவறு!

1912-ல் ‘டைட்டானிக்’ மூழ்கியது. அதில் 2,200 பேருக்கு மேல் இருந்தார்கள். உயிர்ப் படகுகளில் இடமோ 1,178 பேருக்குத்தான்! அதன் பிறகுதான் உலக நாடுகள் கூடிக் கப்பல் பாதுகாப்புக்குச் சட்டம் செய்தன.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கன்கார்டியா’ என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டார்கள். அன்று ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. மறுநாள் நடத்தலாம் என்று இருந்தார்கள்! அதற்குப் பின் விதியை மாற்றினார்கள். கப்பல் புறப்படுவதற்கு முன்பே, அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் பக்கத்திலேயே நடந்தது ஒன்று உண்டு.

பழவேற்காடு அத்திப்பட்டுக்கு வடக்கே உள்ள ஊர். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, அங்கே உல்லாசமாகப் படகில் போன குடும்பத்தினரின் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. யாரும் மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை.

கப்பல் பெரிதா, படகு சிறிதா என்பது கேள்வி அல்ல. பிள்ளையின் உடம்பில் மிதவைச் சட்டை ஏறுமா என்பதே கேள்வி!

அறையில் பெரியவர்களுக்கான சட்டைதான் இருக்கும். அதைப் பிள்ளைக்குப் போட்டால் கழுத்து வழியாக நழுவிவிடும். பிள்ளைகளுக்கென்று தனி அளவுச் சட்டை உண்டு. கைக்குழந்தைக்கும் உண்டு. முதல் நாளே பணியாளரிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். “என் பிள்ளைக்கு எங்கே சட்டை?” என்று கேட்பதற்கு வெட்கப்படக்கூடாது.

யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். “பெரியவள் அப்பாவோடு, சின்னவன் அம்மாவோடு, ஆயா அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வது.” இவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு!

வாந்தி வந்தால்?

கப்பல் ஆடும்போது காது ஒன்று சொல்கிறது. கண் ஒன்று சொல்கிறது. உள்காதில் இருக்கும் உறுப்பு, “உடம்பு ஆடுகிறது” என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண், “ஒன்றும் ஆடவில்லை” என்கிறது. மூளை குழம்புகிறது. தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது வருவது அபூர்வம். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

பிள்ளையை மேல் தட்டுக்குக் கூட்டிப் போய்க் காற்று வாங்கச் செய்ய வேண்டும். வானமும் கடலும் தொடும் கோட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போது கண்ணும் காதும் ஒத்துப் போகும். புத்தகம், போன் எதையும் குனிந்து பார்க்க விடக்கூடாது. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இட்லி, ரொட்டி, பிஸ்கெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெறும் வயிறும் கூடாது.

மாத்திரை வேண்டுமானால், ஊரில் இருக்கும்போதே டாக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்து. கப்பலிலும் டாக்டர் உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம்.

சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பலருக்குப் பரவும். கையில் தடவும் திரவத்தைவிட சோப்பும் தண்ணீருமே நல்லது.

பிள்ளை காணாமல் போனால்?

கப்பலில் எல்லா நடைபாதையும் ஒன்று போலவே இருக்கும். பெரியவர்களுக்கே வழி தப்பும்!

தட்டு எண், அறை எண் இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டும். சின்னவன் சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம். “வழி தெரியாவிட்டால் அங்கேயே நில். சீருடை போட்டவரிடம் சொல்” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நீச்சல் தொட்டியில் இன்னும் கவனம் வேண்டும். பல கப்பல்களில் தொட்டிக்குக் காவலர் இருப்பதில்லை. தண்ணீரில் பிள்ளை இருக்கும்போது தாய் தந்தையரில் ஒருவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டு நிற்பது காவல் ஆகாது! டயப்பர் போட்ட குழந்தையைத் தொட்டியில் விடமாட்டார்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு?

உல்லாசக் கப்பல் ஒன்றுதான் கப்பல் என்பதில்லை.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசாங்கப் பயணிக் கப்பல்கள் உண்டு. நடனம், பாட்டு, நீச்சல் தொட்டி எதிர்பார்க்க முடியாது. சுமார் மூன்று நாள் பிரயாணம். எளிய மக்கள் படுக்கை வகுப்பில் போய் வருகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு கப்பல் சேவை தொடங்கியது; இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. கடல் அமைதியாக இருந்தால் சில மணி நேரத்தில் இலங்கைக் கரை!

எந்தக் கப்பலானாலும் புறப்படும் நாளை விசாரித்துக்கொண்டுதான் மூட்டை கட்ட வேண்டும்.

அந்த விளக்குகள்!

அத்திப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஆயா, இரண்டு பிள்ளைகள்.

பயிற்சி முடிந்தது. சின்னவனின் மிதவைச் சட்டையைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. சங்கு ஊதியது. கப்பல் மெதுவாகத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தது. இருட்டத் தொடங்கியது.

விசாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பல் வடக்கே திரும்பும். வானம் தெளிவாக இருந்தால், இடது பக்கம் கரையில் விளக்குகள் தெரியும். காசிமேடு... திருவொற்றியூர்... பிறகு எண்ணூர். அதையும் தாண்டி, புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள்.

“அப்பா! அது என்ன ஊர்?”

“அதுதான்டா நம்ம ஊர்!”

இத்தனை நாளும் கரையில் நின்று கப்பலை எண்ணிய பிள்ளை, இன்று கப்பலில் நின்று தன் ஊர் விளக்குகளை எண்ணுகிறது. ஒன்று... இரண்டு... மூன்று...

அம்மாவின் ஒரு கை பிள்ளையின் தோளைச் சுற்றியிருக்கிறது. அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தால் போதும். கடல் பிரயாணம் இன்பப் பிரயாணம்தான்!